லிங்கனோடு மல்லுக்கு நின்றவர்களின் ஊர்கள்

திங்கள், பாஸ்டன்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போர்க்களங்களுக்குத்தான் போவார்கள். எனக்குப் பீரங்கிகளில் அவ்வளவு ஆர்வம் கிடையாது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே சொந்த அரசாங்கத்தோடு வாக்குவாதம் செய்த ஆட்களின் ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அடிமை முறையை ஒழிக்கச் சொன்னவர்கள் லிங்கனோடு ஒத்துப்போனார்கள் என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒத்துப்போகவே இல்லை. போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கதையைத் தொடங்கச் சரியான இடம் காமன்வெல்த் அவென்யூ. இரண்டு பக்கமும் பழைய பெரிய வீடுகள், நடுவே மர நிழலில் நீண்ட நடைபாதை, வரிசையாகச் சிலைகள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலைக்காரர் வில்லியம் லாயிட் காரிசன். 1831 ஜனவரி 1 அன்று ‘லிபரேட்டர்’ வார இதழைத் தொடங்கி, 1865 டிசம்பர் கடைசியில் நிறுத்தியவர். முதல் இதழில் எழுதியதைப் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள்: மழுப்ப மாட்டேன், சாக்குச் சொல்ல மாட்டேன், ஓரங்குலம்கூடப் பின்வாங்க மாட்டேன், என் குரல் கேட்டே தீரும்.

இப்போது இவ்வளவு மரியாதையாக உட்கார வைத்திருக்கும் இதே ஊர்தான் 1835 அக்டோபரில் அவர் உடம்பில் கயிற்றைக் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனது. கூட்டத்திடமிருந்து காப்பாற்ற அவரைச் சிறையில்தான் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1854 ஜூலை 4 அன்று, ஊரே சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஃப்ரேமிங்ஹாமில் மேடையேறி அமெரிக்க அரசியல் சாசனத்தின் பிரதியைத் தீயிட்டுக் கொளுத்தினார். சாவோடு செய்துகொண்ட உடன்படிக்கை, நரகத்தோடு போட்ட ஒப்பந்தம் என்பது அதற்கு அவர் வைத்த பெயர். அடிமை முறைக்கு இடம் கொடுக்கும் சாசனத்தின் கீழ் ஓட்டுப் போடுவதே பாவம் என்று நினைத்தவர்.

கொஞ்ச தூரம் நடந்தால் பொதுப் பூங்காவில் வெண்டெல் பிலிப்ஸ் நிற்கிறார். ஹார்வர்டில் படித்த வக்கீல், பணக்கார வீட்டுப் பிள்ளை, மேடையில் ஏறினால் எதிரிகூட வாய்பிளந்து கேட்கும் பேச்சாளர். காரிசனின் வலதுகை. 1860இல் லிங்கன் வேட்பாளரானதும் அவரை ‘இல்லினாய்ஸின் அடிமை வேட்டை நாய்’ என்று எழுதியவர் இவர்தான். இந்தச் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் பிரெஞ்சுதான் வாஷிங்டனில் உள்ள லிங்கன் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரம்மாண்டச் சிலையையும் வடித்தவர். சிற்பிக்கு என்ன, இரண்டு பேருமே வாடிக்கைதான்.

போர் இவர்கள் இருவரையும் பிரித்துவிட்டது. 1864 தேர்தலில், சாசனத்தைக் கொளுத்திய காரிசன் லிங்கன் பக்கம் நின்றார். வேகம் போதாது, தெற்கில் விடுதலையானவர்களுக்கு உரிமை எதுவும் தராமல் பழைய எஜமானர்களோடு சமரசம் செய்யப் பார்க்கிறார் என்று பிலிப்ஸ் எதிர்த்தார். கிளீவ்லாந்தில் கூடிய அதிருப்தியாளர்கள் ஜெனரல் ஃப்ரீமாண்டை வேட்பாளராக நிறுத்தியபோது ஆதரித்தார். ஃப்ரீமாண்ட் செப்டம்பரில் விலகிக்கொண்டார். பிலிப்ஸ் மனம் மாறவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், வேலை முடிந்தது, அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்றார் காரிசன். ஓட்டு எங்கே, நிலம் எங்கே, இன்னும் எதுவுமே முடியவில்லை என்றார் பிலிப்ஸ். உறுப்பினர்கள் பிலிப்ஸைத் தலைவராக்கிச் சங்கத்தை 1870 வரை நடத்தினார்கள். எனக்கு இதில் பிலிப்ஸ் கட்சிதான். பின்னால் தெற்கில் நடந்ததைப் பார்த்தால் வேறு கட்சி எடுப்பது கஷ்டம்.

செவ்வாய், பாஸ்டன்

பீக்கன் ஹில் ஏற்றம் முழங்காலுக்குச் சோதனை. செங்கல் பாவிய நடைபாதை, அங்கங்கே மரவேர் தூக்கிய கற்கள். மலையின் வடக்குச் சரிவில்தான் அக்காலத்துக் கறுப்பின மக்கள் குடியிருந்தார்கள். 1806இல் கட்டிய ஆப்பிரிக்கர் கூட்ட மண்டபம் இன்னும் நிற்கிறது. 1832 ஜனவரியில் நியூ இங்கிலாந்து அடிமை ஒழிப்புச் சங்கத்தைக் காரிசன் தொடங்கியது இங்கேதான். உள்ளே வளைந்த மாடம், எளிமையான மர இருக்கைகள். மைக் இல்லாமலே பேச்சு கடைசி வரிசைவரை போகும்.

கீழே இறங்கினால் டிரெமான்ட் டெம்பிள். இப்போதுள்ள கட்டடம் பிந்தியது, பழையது எரிந்துபோனது. 1860 டிசம்பர் 3 அன்று, அடிமை முறைக்கு எதிராக ஆயுதமெடுத்துத் தூக்கிலேறிய ஜான் பிரவுன் நினைவாக இங்கே கூடிய கூட்டத்தில் கலகக்காரர்கள் புகுந்து மேடையைப் பிடித்துக்கொண்டார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பேச்சாளராகவும் பத்திரிகைக்காரராகவும் ஆன ஃபிரெடெரிக் டக்ளஸை அடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். புகுந்தவர்களில் நல்ல கோட்டுப் போட்ட வியாபாரிகளும் இருந்தார்கள். தெற்கோடு பருத்தி வணிகம் கெட்டுவிடுமே என்ற கவலை அவர்களுக்கு. ஒரு வாரத்துக்குள் டக்ளஸ் இதே ஊரில் இன்னொரு மண்டபத்தில் நின்று, பேசுகிறவனின் உரிமையைப் பறித்தால் கேட்கிறவனின் உரிமையும் சேர்ந்தே போகிறது என்று பேசினார். 1863 ஜனவரி 1 அன்று, அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வருமா வராதா என்று நகரமே தவித்தபோது, அவர் தந்திக்காகக் காத்திருந்தது அதே டிரெமான்ட் டெம்பிளில். இரவு வெகுநேரம் கழித்துத்தான் தந்தி வந்தது.

மாநில சட்டமன்றத்தின் தங்கக் கூரைக்கு எதிரே இன்றைய நாளின் பெரும்பகுதி கழிந்தது. 54வது மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் வெண்கலச் சிற்பம் அங்கே இருக்கிறது. குதிரைமேல் கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா, அவரோடு நடந்து செல்லும் கறுப்பின வீரர்கள். செயின்ட் கோடன்ஸ் என்ற சிற்பி ஆண்டுக்கணக்கில் இழைத்து 1897இல் முடித்தார். கிட்டத்தில் நின்று பாருங்கள். ஒரு முகம் இன்னொரு முகம் மாதிரி இல்லை. தாடி வைத்த நடுவயதுக்காரர் ஒருவர். அவர் அருகில் மீசைகூட அரும்பாத பையன். துப்பாக்கிகள் ஒரே சாய்வில் இல்லை, ஆளாளுக்குக் கொஞ்சம் மாறுகின்றன. போர்வைச் சுருளின் மடிப்பு, தண்ணீர்க் குப்பியின் வார், எல்லாம் விரலால் தொட்டு எண்ணலாம். பின்பக்கம் போனால் பெயர்கள். இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை அப்போதே பொறித்துவிட்டார்கள். இறந்த கறுப்பின வீரர்களின் பெயர்கள் ஏறியது 1982இல்.

இந்தப் படைப்பிரிவு 1863 ஜூலை 18 அன்று தெற்குப் படையின் வாக்னர் கோட்டையைத் தாக்கியதும், ஷா அங்கே இறந்ததும், தாக்கப் போன சுமார் 600 பேரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் விழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர்களுடைய சம்பளக் கதை.

ஆள் சேர்க்கும்போது மற்ற வீரர்களுக்கு உள்ளதே உங்களுக்கும் என்றுதான் சொன்னார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், துணிக்கு வேறு. சம்பள நாள் வந்தபோது கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதில் துணிக்கு 3 டாலர் பிடித்தம். கையில் 7. படைப்பிரிவு என்ன செய்தது தெரியுமா? வாங்க மாட்டோம் என்றது. மிச்சத்தை மாநிலம் கொடுக்கும் என்று மாசசூசெட்ஸ் முன்வந்தது. அதையும் வேண்டாம் என்றார்கள். பணம் குறைகிறது என்பதா பிரச்சினை? தங்களைச் சிப்பாய் என்று மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான். ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பரல் 1863 செப்டம்பரில் நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்று கேட்டார். சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் கிடைக்கவில்லை என்றார். அடுத்த ஆண்டு எதிரியிடம் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துபோனார்.

மறுத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தெற்குக் கரோலினாவின் 3வது கறுப்பினப் படைப்பிரிவில் வில்லியம் வாக்கர் என்ற சார்ஜன்ட் இருந்தார். சம்பளம் சமமாகும்வரை வேலை செய்ய மாட்டோம் என்று தன் ஆட்களோடு துப்பாக்கிகளைத் தளபதியின் கூடாரத்துக்கு முன் அடுக்கி வைத்தார். கலகக் குற்றம். 1864 பிப்ரவரி 29 அன்று சுட்டுக் கொன்றார்கள். அவருக்குச் சிப்பாய்ச் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் வழி தெரியாத அரசுக்கு, சிப்பாயாக வைத்துச் சுட மட்டும் சட்டம் கிடைத்ததே என்று கொதித்தார் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ.

1864 ஜூனில் நாடாளுமன்றம் சம்பளத்தைச் சமமாக்கியது. அதிலும் ஒரு வில்லங்கம். போர் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமானவராக இருந்தவர்களுக்குத்தான் சேர்ந்த நாளிலிருந்து பாக்கி. அன்றைக்கு அடிமையாக இருந்து தப்பி வந்தவர்களுக்கு 1864 ஜனவரியிலிருந்து மட்டும். 54வது பிரிவில் இரண்டு வகையினரும் இருந்தார்கள். அப்போது கர்னலாக இருந்த எட்வர்ட் ஹாலோவெல், அடிமை முறையை எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் குடும்பத்தவர். ஓர் உறுதிமொழி தயாரித்தார். அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ கூலியில்லாத உழைப்பை எவருக்கும் தர நான் கடன்பட்டிருக்கவில்லை என்று ஆண்டவன் பெயரால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனிதன் போட்ட சட்டப்படி ஒருவன் அடிமையாக இருந்திருக்கலாம், ஆண்டவன் சட்டப்படி யாருமே யாருக்கும் அடிமையில்லையே. வரிசையாக நின்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள், ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. பதினெட்டு மாதச் சம்பளம் மொத்தமாக வந்தது. இப்படி ஓர் அழகான சட்ட வேலையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

புதன், ரயிலில்

மதியம் கிளம்பி இரவு ராச்செஸ்டர். வழியில் எங்கேயோ சரக்கு வண்டிக்காக நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதிலில்லை. இலையுதிர் காலம், வழியெல்லாம் மஞ்சளும் சிவப்பும். காபி சுமார்.

வியாழன், ராச்செஸ்டர்

டக்ளஸ் 1847இலிருந்து கால் நூற்றாண்டு வாழ்ந்த ஊர். சவுத் அவென்யூவில் இருந்த வீடு 1872இல் எரிந்து, அவர் நடத்திய பத்திரிகைகளின் தொகுப்புகளும் சாம்பலாயின. அவருக்கு 1899இல் எழுப்பிய சிலை இப்போது ஹைலாண்ட் பூங்காவில் இருக்கிறது. மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் சமாதி.

போர் தொடங்கியதும் டக்ளஸ் தன் மாத இதழில் லிங்கனை வறுத்தெடுத்தார். கறுப்புக் கையைக் கட்டிப்போட்டுவிட்டு வெள்ளைக் கையால் மட்டும் சண்டை போடுகிறீர்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் 54வது பிரிவுக்கு ஆள் சேர்க்க இறங்கி, லூயிஸ், சார்லஸ் என்ற இரண்டு மகன்களையும் அதில் சேர்த்தார். பிறகு சம்பள மோசடி தெரிந்ததும் 1863 ஆகஸ்ட் 10 அன்று முன் அனுமதி எதுவுமில்லாமல் வெள்ளை மாளிகைக்குப் போய் லிங்கனிடமே கேட்டார். சம ஊதியம், பிடிபடும் கறுப்பின வீரர்களுக்குப் பாதுகாப்பு, பதவி உயர்வு. சம்பளம் ஒருநாள் சமமாகும், இப்போதைக்கு வெள்ளையரின் மனத்தாங்கலுக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் லிங்கன். டக்ளஸுக்குத் திருப்தி இல்லை. ஆனால் அந்த மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது. அதே சமயத்தில் ராணுவ அதிகாரி பதவி வருகிறது என்று நம்பி, பதினாறு ஆண்டுகளாக ஏதேனும் ஒரு பெயரில் நடத்திவந்த பத்திரிகைத் தொழிலை நிறுத்தினார். பதவி ஆணை வரவே இல்லை.

மாடிசன் தெருவில் சூசன் பி. அந்தோணியின் வீடு. எதிர்ப்பக்கப் பூங்காவில் அவரும் டக்ளஸும் மேசையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து பேசுவதுபோல் வெண்கலச் சிலை. வழிகாட்டி அம்மா பெண்கள் வாக்குரிமையைப் பற்றியே பேசினார். அதற்கு முந்தைய அந்தோணியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 1861இன் தொடக்கத்தில், தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்தபோது, ‘அடிமை எஜமானர்களோடு சமரசம் கூடாது’ என்று இந்த மாநிலம் முழுக்கக் கூட்டம் போட்டார். ஊருக்கு ஊர் ரகளை. சிரக்கியூஸில் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். ஆல்பனியில் மட்டும் மேயர் தாச்சர் மேடையிலேயே, மடியில் ரிவால்வரை வைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். மேயருக்கு இவர்கள் கொள்கை பிடித்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. பேசும் உரிமை உண்டு, அவ்வளவுதான்.

விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி மாநிலங்களுக்கு மட்டும்தான், கென்டக்கி போன்ற விசுவாசமான அடிமை மாநிலங்களுக்கு இல்லை. அதனால் அந்தோணியும் எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் 1863இல் பெண்கள் சங்கம் அமைத்து, நாடு முழுக்க அடிமை முறையை ஒழிக்கும் திருத்தம் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். 1864 பிப்ரவரி 9 அன்று முதல் ஒரு லட்சம் கையெழுத்துகளின் சுருள்களை உயரமான இரண்டு கறுப்பின ஆண்கள் செனட் சபைக்குள் சுமந்துவந்து சார்லஸ் சம்னரின் மேசைமேல் வைத்தார்கள். முடிவில் எண்ணிக்கை நான்கு லட்சத்தை நெருங்கியது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஓட்டுரிமையே இல்லாத பெண்கள்.

சனி, சின்சினாட்டி

என் தம்பி மகன் இங்கே படிக்கிறான். விமான நிலையத்திலிருந்தே நேராக ஆற்றங்கரை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒஹாயோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் சுதந்திர மண், அந்தப் பக்கம் கென்டக்கி. அருங்காட்சியகத்தின் உள்ளேயே, கென்டக்கிப் பண்ணை ஒன்றிலிருந்து பெயர்த்துவந்த அடிமைக் கொட்டடி. கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு மாடி. தெற்கே விற்கக் கொண்டுபோகுமுன் ஆட்களை அடைத்து வைத்த இடம். உத்தரத்தில் இன்னும் இரும்பு வளையம் இருக்கிறது. அதில்தான் சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள். பையன் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வெகுநேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

1862 மார்ச்சில் வெண்டெல் பிலிப்ஸ் வாஷிங்டனுக்குப் போனபோது செனட்டிலேயே ராஜ மரியாதை. அதே சுற்றுப்பயணத்தில் இந்த ஊருக்கு வந்து பைக் அரங்கில் பேச ஆரம்பித்ததும் அழுகல் முட்டையும் கல்லும் பறந்தன. போர் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு ஆகியும், அடிமை ஒழிப்பு என்று வாயைத் திறந்தால் வடக்கிலேயே கதி இதுதான்.

ஞாயிறு, லெபனான், டேட்டன்

இன்று எதிர்ப்பக்கத்து ஆள். கிளமென்ட் வல்லாண்டிகம். டேட்டன் நகரத்து ஜனநாயகக் கட்சித் தலைவர், போரை உடனே நிறுத்தச் சொன்னவர்களின் முகம். அவர்களைக் ‘காப்பர்ஹெட்’ என்று விஷப்பாம்பின் பெயரால் திட்டினார்கள். அவர்களோ செப்புக் காசில் உள்ள சுதந்திர தேவியின் தலையை வெட்டிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

1863 மே 1 அன்று மவுண்ட் வெர்னானில், இது கறுப்பர்களை விடுவிக்கவும் வெள்ளையர்களை அடிமையாக்கவும் நடத்தும் போர் என்று பேசினார். மாற்றுடையில் வந்த அதிகாரிகள் மேடையருகே நின்று குறிப்பெடுத்தார்கள். ஜெனரல் பர்ன்சைடு, எதிரிக்கு அனுதாபம் காட்டுவதே குற்றம் என்று ஏற்கெனவே 38ஆம் எண் ஆணை போட்டிருந்தார். மே 5 பின்னிரவில் டேட்டன் வீட்டின் கதவை உடைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோபத்தில் ஊர்க்காரர்கள் லிங்கன் கட்சிப் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். ஆட்கொணர்வு மனுவை நீதிபதி தள்ளிவிட்டார். ராணுவ விசாரணை, போர் முடியும்வரை சிறை என்று தீர்ப்பு. லிங்கனுக்கே சங்கடம். சிறையை மாற்றி, ஆளைக் கொண்டுபோய்த் தெற்குப் படையின் எல்லையில் விட்டுவிடச் சொன்னார். அவர் அங்கிருந்து கனடா போய், எல்லைக்கு வெளியே இருந்தபடியே ஒஹாயோ ஆளுநர் தேர்தலில் நின்று சுமார் ஒரு லட்சம் ஓட்டில் தோற்றார்.

தட்டிக்கேட்டவர்களுக்கு லிங்கன் எழுதிய பதில் இன்றும் படிக்கத் தகுந்தது: படையைவிட்டு ஓடும் அப்பாவிப் பையனை நான் சுட வேண்டும், அவனை ஓடத் தூண்டும் தந்திரக்காரரின் முடியைக்கூடத் தொடக் கூடாதா? கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு எந்தப் பையன் ஓடினான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 1866இல் மில்லிகன் என்ற இன்னொருவர் வழக்கில், சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது குடிமக்களை ராணுவ விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் லிங்கனின் நெருங்கிய நண்பரான நீதிபதி டேவிட் டேவிஸ்.

ஒஹாயோவில் உள்ள லெபனான் என்ற ஊரில், கோல்டன் லாம்ப் என்ற பழைய விடுதியில் மதியச் சாப்பாடு. வல்லாண்டிகம் செத்தது இங்கேதான். 1871இல் கொலை வழக்கு ஒன்றில் அவர் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல். செத்தவன் தன் துப்பாக்கியை எடுக்கும்போது தானே சுட்டுக்கொண்டிருக்கலாம் என்பது வாதம். அதைச் சக வக்கீல்களுக்கு விடுதி அறையில் நடித்துக் காட்டினார். கையிலெடுத்தது குண்டு நிரப்பிய துப்பாக்கி. வாதம் நிரூபணமாயிற்று, கட்சிக்காரர் பிறகு விடுதலையானார்.

காரில் திரும்பும்போது பையன் கேட்டான்: “பெரியப்பா, இந்த ஆள் பேசினதும் தப்பு, இவரைப் பிடிச்சதும் தப்பு. நாம யாருக்குத்தான் கைதட்டுறது?”

“ஆல்பனி மேயருக்குத் தட்டுடா” என்றேன்.

செவ்வாய், வாஷிங்டன்

காலையில் அனகோஸ்டியா மேட்டில் டக்ளஸின் கடைசிக்கால வீடு. படுக்கையறையில் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த டம்பெல்கள். லிங்கன் இறந்தபின் அவர் மனைவி கொடுத்தனுப்பிய கைத்தடியும் இந்த வீட்டில் இருக்கிறது. 1864இல் முதலில் ஃப்ரீமாண்ட் அணியின் அழைப்பை ஆதரித்தவர் டக்ளஸ். அந்த ஆகஸ்டில் லிங்கனே கூப்பிட்டு, நான் தேர்தலில் தோற்றுவிடுவேன்போல் இருக்கிறது, அதற்குள் முடிந்த அளவு அடிமைகளைத் தெற்கிலிருந்து வெளியே கொண்டுவர ஒரு திட்டம் போட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். செப்டம்பரில் தெற்கின் அட்லாண்டா நகரம் வடக்குப் படையிடம் விழுந்து, தேர்தல் காற்று லிங்கன் பக்கம் திரும்பியது. திட்டத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

மாலையில் லிங்கன் பூங்கா. விடுதலையானவர்கள் தங்கள் காசைப் போட்டு எழுப்பிய சிலை: நிற்கும் லிங்கன், அவர் காலடியில் முழங்காலிட்ட கறுப்பின மனிதன். 1876 ஏப்ரல் 14 அன்று, ஜனாதிபதி கிராண்ட் உட்கார்ந்திருக்க, திறப்புவிழாவில் டக்ளஸ் பேசினார். புகழ்மாலையை எதிர்பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது, லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் ஜனாதிபதி, நீங்கள்தான் அவருடைய பிள்ளைகள், நாங்கள் மிஞ்சிப்போனால் வளர்ப்புப் பிள்ளைகள் என்பது. ஒழிப்புக்காரர் பக்கமிருந்து பார்த்தால் மந்தமானவர், நாட்டு மனநிலையை வைத்துப் பார்த்தால் வேகமானவர் என்றும் சொன்னார். சில நாட்களில் ஒரு பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். நாலுகால் பிராணிபோல மண்டியிட்ட உருவத்தோடு போதாது, தன் காலில் நிமிர்ந்து நிற்கும் கறுப்பின மனிதனையும் சாவதற்குள் பார்க்க வேண்டும் என்றார். 2020இல் சிலையை எடுக்கச் சொல்லி இங்கே போராட்டம் நடந்தபோதுதான் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தார்கள். பாஸ்டனில் இருந்த இதன் நகலை அந்த ஆண்டே அகற்றிவிட்டார்கள். இது இங்கேயே நிற்கிறது.

என்னைக் கேட்டால் எடுக்க வேண்டாம். டக்ளஸ் கடிதத்தை அதே பீடத்தில், சிலையைப் படம் பிடிக்கிறவர்கள் தப்பிக்க முடியாத உயரத்தில், பெரிய எழுத்தில் பொறித்தால் போதும். பூங்காவில் நாயை நடத்திக்கொண்டு வந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். “எடுத்துவிட வேண்டியதுதான்” என்றார் அவர். அரை மணிநேரம் பேசினோம், இருவருமே இறங்கி வரவில்லை.